பர்கூரில் இருந்துகொண்டே ஜாஸ் டிரம்மராகவும் ஆசிரியராகவும் தொழில் செய்ய என்ன வேண்டும்?

பர்கூர்_லயம்:

எல்லாருக்கும் வணக்கம். இன்னிசைக் குழுவில் டிரம்செட் வாசிக்கிறேன். மிருதங்கத்தில் கீர்த்தனைக்கு வாசிக்கிற அளவு அடிப்படை உண்டு. இனி ஜாஸ் வாசிப்பதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும்தான் தொழில் என்று முடிவு. குடும்பம் பர்கூரில், பெங்களூருக்குக் குடிமாற முடியாது. தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்: சினிமாப் பாட்டுக்குப் பழகிய கை ஜாஸுக்கு மாற எதை முதலில் எடுக்க வேண்டும்? எந்த மாதிரி செட் தேவை? கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ வகுப்பு தொடங்கினால் கட்டுப்படியாகுமா? கச்சேரிக்கு என்ன வழி?

ஓசூர்_ரைடு:

தம்பி, முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

சினிமாப் பாட்டில் தாளத்தைத் தாங்குவது கிக்கும் (காலால் அடிக்கிற பேஸ் டிரம்) ஸ்னேரும் (அடியில் கம்பி கட்டிய டிரம்). ஜாஸில் அந்த வேலை வலது கையின் ரைடு சிம்பலுக்கும் (பெரிய உலோகத் தட்டு) இடது காலின் ஹைஹேட்டுக்கும் (காலால் மூடுகிற ஜோடிச் சிம்பல்) போய்விடுகிறது. 1940களில் இந்த மாற்றத்தை நிலைநாட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்க டிரம்மர் கென்னி கிளார்க். அதற்கு முன் பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் பலமாக விழும். வேகம் கூடினால் கால் ஓயும், டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் ஒலியும் அமுங்கும். அவர் காலக்கணக்கை ரைடுக்கு ஏற்றிவிட்டு, பேஸ் டிரம்மை இடையிடையே அழுத்தம் வைக்க விடுவித்தார். ஜாஸ் டிரம் படிக்கிற எல்லாரும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஃபில்லும் (இடைநிரப்பு வாசிப்பு) சோலோவும் (தனி வாசிப்பு) ரொம்பப் பிறகு.

பயிற்சி வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நிமிடத்துக்கு 100. முதலில் ரைடில் வெறும் கால் நோட்டு, ஒரு அடிக்கு ஒரு தட்டு, 10 நிமிடம். குச்சியின் நுனி விளிம்புக்கும் பெல்லுக்கும் (நடுக் குமிழ்) நடுவில் விழ வேண்டும். நாலு தட்டும் ஒரே கனம். போனில் பதிவு செய்து கேளுங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே தட்டுகள் ஏறி இறங்குவது தெரியும். காரணம் பெரும்பாலும் கட்டைவிரல் இறுக்கம். குச்சி தானாக எழும்பவிடாமல் கை தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும்.

அது சரியான பிறகு இடது கால் ஹைஹேட்டை 2, 4 அடிகளில் மூடுங்கள். 'சிக்' என்று சுருக்கமாக, தெளிவாகக் கேட்க வேண்டும். 'ஷ்' என்று இழுத்தால் மேல் சிம்பல் ரொம்ப இறங்கியிருக்கிறது, அல்லது காலைப் பயந்து பயந்து வைக்கிறீர்கள். இரண்டு சிம்பலுக்கும் இடைவெளி 2 செ.மீ. அளவு. கீழ்ச் சிம்பலைச் சாய்வுத் திருகால் சற்றே சாய்த்து வையுங்கள். நேர்மட்டமாக இருந்தால் காற்று அடைத்து ஒலி செத்துவிடும்.

பிறகுதான் ரைடின் முழு நடை. 1இல் ஒரு தட்டு, 2இல் ஒன்று, 2க்குப் பின்னால் ஒரு சின்னத் தட்டு, 3இல் ஒன்று, 4இல் ஒன்று, 4க்குப் பின்னால் இன்னொரு சின்னத் தட்டு. அந்தச் சின்னத் தட்டை ஓங்கி அடிப்பதுதான் புதியவர்கள் எல்லாரிடமும் வருகிற பழுது. அது அடுத்த அடியின் முன்னோட்டம் மட்டுமே, அடுத்த அடியைவிட மெலிதாக இருக்க வேண்டும்.

கடைசியில் பேஸ் டிரம். நாலு அடிக்கும் விழ வேண்டும், ஆனால் காதுக்குத் தெரியக்கூடாது. குதிகால் பெடலில் படிந்திருக்க, பீட்டர் தலை தோலிலிருந்து 2, 3 செ.மீ. மட்டும் பின்வாங்கித் தொட வேண்டும். பக்கத்தில் நிற்கிற பேஸ் வாசிப்பவருக்கு உணர்வாகப் போய்ச் சேரும், முன்வரிசைக்குக் கேட்காது. இன்னிசைக் குழுக் காலுக்கு இதுதான் ரொம்பச் சிரமம். விட்டுவிடாதீர்கள்.

மெட்ரோனோமை 2, 4இல் கேட்டுப் பழகுங்கள். 120 வேகத்துக்கு 60 வைத்து, வருகிற ஒவ்வொரு டிக்கையும் 2 அல்லது 4 என்று எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனம் அதை 1, 3 என்று புரட்டிவிடும். அப்போது கையை நிறுத்தி, டிக்கில் "ரெண்டு", அடுத்து "மூணு", டிக்கில் "நாலு", அடுத்து "ஒண்ணு" என்று வாயால் சொல்லி, அடுத்த "ஒண்ணு"வில் மறுபடி உள்ளே வாருங்கள்.

காவேரிப்பட்டணம்_பம்பை:

மேலே எழுதியது அத்தனையும் சரி. லய வாத்தியப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நம்ம பக்கம் பம்பை, தவில், தெருக்கூத்து மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு ரைடு நடையைச் சொற்கட்டாகக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அடியையும் தகிட என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் 'த' மட்டும் தட்டு, 'கிட' மௌனம். இரண்டாம் அடியில் 'த'வும் 'ட'வும் தட்டு, 'கி' மௌனம். மூன்று முதல் அடி மாதிரி, நான்கு இரண்டாம் அடி மாதிரி. வாயில் முழுசாகத் தகிட தகிட தகிட தகிட ஓட, கை மட்டும் விட்டுவிட்டு விழ வேண்டும். இப்படிப் பழகினால் சின்னத் தட்டு எங்கே உட்கார வேண்டும் என்ற சந்தேகம் வராது.

சிக்கல் வேறு இடத்தில். நமக்குச் சமம்தான் (தாளச் சுற்றின் முதல் அடி) கனம். எடுப்பும் தீர்மானமும் அங்கேதான் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு 8 பார் (பொதுவாக நாலு அடி ஒரு பார்) முடிவிலும் ஒரு தீர்மானம் (முத்தாய்ப்பு) வைத்து, 1இல் கிராஷ் சிம்பலை அடித்து முடிக்கிற பழக்கம் வந்துவிடும். ஜாஸில் அப்படி ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தினால், பேஸ் வாசிப்பவரும் சாக்ஸபோன் வாசிப்பவரும் நீட்டிக்கொண்டு போகிற வாக்கியம் நடுவில் வெட்டுப்படும். மூன்று பகுதி முடிவுக்கு ஒரு தடவை முத்திரை வைத்தால் போதும். மற்ற இடங்களில் ரைடை நிறுத்தாமல் ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கு 2, 4இல் கைதட்டிக்கொண்டே நடக்கச் சொல்லிக்கொடுங்கள். சமத்தின் மேல் இருக்கிற பாரம் தானாகக் குறையும்.

ஓசூர்_ரைடு:

ஐயா சொன்ன தகிட முறை நடுத்தர வேகத்துக்குப் பொருந்துகிறது. எல்லா வேகத்துக்கும் அதையே கணக்காக வைத்துவிடக்கூடாது. 2002இல் ஸ்வீடனின் ஃப்ரைபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு ஆய்வாளர்கள் பெயர்பெற்ற டிரம்மர்களின் பதிவுகளில் ரைடை அளந்தார்கள். மெதுவான வேகத்தில் நீளத் தட்டுக்கும் குறுந்தட்டுக்கும் உள்ள விகிதம் 3.5க்கு 1 வரை போகிறது. வேகம் ஏற ஏற விகிதம் சுருங்கி, அதிவேகத்தில் 1க்கு 1ஐ நெருங்குகிறது. அதாவது 2க்கு 1 என்ற திஸ்ரம் (மூன்றாகப் பிரிப்பது) நடுவில் ஒரு நிறுத்தம்தான். 250, 280 வேகத்தில் தகிட சொல்லிக்கொண்டு போனால் கை கட்டிப்போகும், நடை நொண்டும். அங்கே சதுஸ்ரத்தின் (நாலாகப் பிரிப்பது) நேர்நடைக்குப் பக்கத்தில் வைத்து, அழுத்தத்தால் மட்டும் சுவிங்கை, அதாவது ஜாஸின் ஊஞ்சல் நடையை, காட்ட வேண்டும்.

அதே ஆய்வில் ஆசிரியர்களுக்கு உதவுகிற இன்னொரு செய்தி: சோலோ வாசிப்பவர் அடியின் மேல் ரைடுக்குச் சற்றுப் பின்தங்குகிறார், ஆனால் இடைத்தட்டில் ரைடோடு சேர்ந்துகொள்கிறார். அதனால் சாக்ஸபோன் பின்தங்குவது மாதிரி கேட்டால் டிரம்மர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. காத்திருந்தால் குழு முழுக்க இறங்கிவிடும்.

காவேரிப்பட்டணம்_பம்பை:

ஒத்துக்கொள்கிறேன். தகிட கையைப் பழக்கத்தான், அதிவேகத்துக்கு இல்லை.

ஆணி_சாவி:

செட் பற்றி எழுதுகிறேன். பழுது பார்க்கிற பக்கத்திலிருந்து வருகிற கருத்து.

ஜாஸுக்கு வழக்கமான அளவு: பேஸ் டிரம் 18 இஞ்ச், மேல் டாம் 12, ஃப்ளோர் டாம் 14, ஸ்னேர் 14க்கு 5 அல்லது 5.5. நம்ம ஊர்க் கடைகளில், பழைய செட் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் 22 இஞ்ச் பேஸ் டிரம் உள்ளதுதான். அதை வைத்தே தொடங்கலாம். உள்ளே திணித்த தலையணையை எடுத்துவிடுங்கள். முன் தோல் ஓட்டையில்லாததாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒற்றைப் படலத் தோல், அடிக்கும் பக்கத்தில் தோலுக்குள்ளே ஒரு கம்பளிப் பட்டை, சுருதி வழக்கத்தைவிட மேலே. அப்போது 'தொப்' போய் 'தூம்' வரும்.

பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: ரைடு, ஹைஹேட், ஸ்னேர், பெடல், கடைசியில் டிரம்கள். மலிவு செட்டோடு வருகிற சிம்பல் பித்தளை. அதில் ரைடு நடை பழக முடியாது, ஒவ்வொரு தட்டும் தகரமாகப் பரவும். பி20 வெண்கலம் பாருங்கள், 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். 20 அல்லது 22 இஞ்ச், கனம் குறைந்தது. 22 இஞ்ச் என்றால் 2,200இலிருந்து 2,500 கிராமுக்குள். வாங்கும்போது தராசில் வையுங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார்.

பழைய சிம்பல் வாங்கும்போது நடு ஓட்டையில் விரல் கோத்துத் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றிலும் லேசாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலத்தால் அங்கே விரிசல் இருக்கிறது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாததும் தட்டுப்படும். நடு ஓட்டை ஒரு பக்கமாக நீண்டு சாவித்துவாரம் மாதிரி ஆகியிருந்தால், பிளாஸ்டிக் குழல் போடாமல் ஸ்டாண்டின் மரையில் நேரடியாக ஆடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலிருந்து விரிசல் கிளம்பும். குழல் மிகச் சொற்ப விலை. நாலைந்து வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். விங்நட்டை இறுக்கிப் பூட்டுவதும் சிம்பலை உடைக்கும். கையால் தள்ளினால் தாராளமாக ஆட வேண்டும்.

சின்ன விரிசல் வந்துவிட்டால் அதன் முனையில் 3 மி.மீ. துளை போட்டு ஓரத்தை மழுக்குங்கள், விரிசல் நீள்வது தள்ளிப்போகும். வெல்டிங் மட்டும் வேண்டாம், சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் பதம் மாறிவிடும்.

பர்கூர்_லயம்:

அண்ணா, சுருதி சேர்ப்பதையும் சொல்லிவிடுங்கள். மிருதங்கத்துக்குத் தெரியும், டாம் டாமுக்குக் கணக்கு பிடிபடவில்லை.

ஆணி_சாவி:

மிருதங்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, காது இருக்கிறது.

தோல்: பூச்சுள்ள ஒற்றைப் படலம், 10 மில் தடிமன், அதாவது கால் மி.மீ. ஸ்னேரின் கீழ்த்தோல் மட்டும் 3 மில். தோலை வைத்து எல்லாத் திருகையும் விரலால் முட்டும் வரை சுற்றுங்கள். பிறகு டிரம் சாவியால் அரைச் சுற்று, எதிரெதிர் திருகாக. பக்கத்துத் திருகுக்குப் போனால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். உள்ளங்கையால் நடுவை அழுத்திச் சுருக்கம் போனதும், ஒவ்வொரு திருகுக்கும் எதிரில் விளிம்பிலிருந்து 2, 3 செ.மீ. உள்ளே தட்டி எல்லா இடமும் ஒரே சுருதிக்கு வரும் வரை கால் சுற்று கால் சுற்றாகத் திருத்துங்கள். மீட்டுச் சுருதி பார்ப்பது போலத்தான். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் திருகு தளர்ந்து, வாசிக்க வாசிக்க இறங்கும்.

இடைவெளிக்கு 14 இஞ்ச் டாமை ச என்று வைத்தால், 12 இஞ்ச் சுத்த மத்திமம், பேஸ் டிரம் மந்திர பஞ்சமம். மூன்றுக்கும் நடுவில் ஒரே அளவு தூரம் வரும். கீழ்த்தோலை மேல்தோலுக்குச் சமமாக அல்லது ஒரு நூல் மேலே வையுங்கள். கீழ்த்தோல் தளர்ந்திருந்தால் ஒலி நீளாமல் செத்துவிடும்.

சித்திரை வெயிலில் தர்மபுரிப் பக்கம் காருக்குள் செட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிளாஸ்டிக் தோல் சூட்டில் தளரும், மேடைக்கு ஏற்றி ஆறினதும் சுருதி மாறியிருக்கும். போய் இறங்கியதும் பைகளைத் திறந்து 20 நிமிடம் விட்டு, பிறகு சாவியை எடுங்கள்.

பாலக்கோடு_பிரஷ்:

குச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஜாஸ் டிரம்மருக்குப் பிரஷ் தெரியாவிட்டால் மெதுவான பாட்டு ஒன்றுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

உள்ளிழுக்கும் கம்பி பிரஷ் வாங்குங்கள். தோலில் கண்டிப்பாகப் பூச்சு இருக்க வேண்டும், வழுவழுத் தோலில் கம்பி ஓடினால் சத்தமே வராது. பூச்சு நடுவில் தேய்ந்து பளபளப்பானால் தோலை மாற்றுங்கள்.

அடிப்படை நடை: இடது கை ஸ்னேரின் இடப் பாதியில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், இரண்டு அடிக்கு ஒரு முழு வட்டம். வலது கை வலப் பாதியில் ரைடு நடையைத் தட்டும். இடது கை வட்டத்தில் எந்த இடத்திலும் நிற்கக்கூடாது. நின்றால் ஒலி துண்டு துண்டாகும். பெரும்பாலும் அது நிற்பது வலது கையின் சின்னத் தட்டு விழுகிற நேரத்தில்தான், இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதால். இதைப் போக்க ஒரு வழி: வலது கையை மடியில் வைத்துவிட்டு இடது கை வட்டத்தை மட்டும் 5 நிமிடம் ஓட்டிக்கொண்டே வாயால் ரைடு நடையைச் சொல்லுங்கள்.

வீட்டில் பழக அட்டைப்பெட்டி போதும். மூடி வழுவழுப்பில்லாத பெட்டியாக எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தால், ராத்திரி 11 மணிக்கும் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பிரஷால் ரிம்மில் ஓங்கி அடிக்க வேண்டாம், கம்பி வளைந்தால் நிமிர்வதில்லை. இதில் கேட்க வேண்டியவர் எட் திக்பன், பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் மூவர் குழுவில் 1959இலிருந்து 1965 வரை வாசித்தவர். பிற்பாடு கோபன்ஹேகனில் குடியேறி அங்கே வாசிப்பும் கற்பிப்புமாக இருந்தார்.

சில்க்போர்டு_இறக்கம்:

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். நேரடியாகச் சொல்கிறேன், பர்கூர்: ஜாஸ் கச்சேரி என்று பணம் கொடுத்துக் கேட்கிற கூட்டம் பெங்களூரில்தான். வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் மாதிரி ஜாஸுக்கென்றே அரங்கு வைத்திருக்கிற இடம் உண்டு. ஓட்டல் லவுஞ்ச், நிறுவன விழா எல்லாம் அந்த வட்டாரம்தான். அங்கேயே இல்லாமல் ஒரு டிரம்மர் வளர்வது கடினம். கடைசி நேரத்தில் "இன்று ராத்திரி வர முடியுமா" என்று அழைப்பு வரும்போது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

ஓசூர்_ரைடு:

இதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க டிரம்மர் ஆலன் டாசனைப் பாருங்கள். 1957இலிருந்து 1975 வரை பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் கற்பித்தார். நியூயார்க் ஜாஸின் தலைநகராக இருந்த காலத்தில் அங்கே குடிபோகவில்லை. 1960களில் பாஸ்டனுக்கு வெளியே ஒரு கிளப்பின் நிரந்தர டிரம்மராக இருந்து, வந்து போகிற பெரிய கலைஞர்களுக்கெல்லாம் வாசித்தார். 1968இல் பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. 1975இல் முதுகுத்தண்டு வட்டு பழுதானபோது சுற்றுப்பயணத்தைக் குறைத்துக்கொண்டு, கல்லூரியை விட்டுவிட்டு வீட்டிலேயே கற்பித்தார். அவரிடம் சிறு வயதில் படித்த டோனி வில்லியம்ஸ் 17 வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவுக்குப் போனார், 1963இல். வின்னி கொலையூட்டா, டெரி லின் கேரிங்டன் எல்லாம் அவர் மாணவர்கள்.

பாஸ்டனும் பர்கூரும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனால் தொழிலின் அமைப்பு அதேதான்: கற்பித்தல் மாத வருமானத்தைத் தாங்குகிறது, அதனால் எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது என்று டிரம்மர் தேர்ந்தெடுக்க முடிகிறது. பெங்களூரில் வாடகைக்காக வாரம் ஐந்து நாள் எதற்கு வேண்டுமானாலும் வாசிக்கிற நிலையைவிட இது மேல். இடமும் கவனியுங்கள்: பர்கூர், கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, ஆனால் பெங்களூர் சாலையில் இரவு முழுக்கப் பேருந்து உண்டு. தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்களுக்கு ஓசூர் வழியாக பெங்களூர் ரயில் இருக்கிறது.

டாசன் கற்பித்த முறையிலும் எடுத்துக்கொள்ள நிறைய. மாணவன் டிரம் வாசிக்கும்போதே பாட்டின் மெட்டை வாயால் பாட வேண்டும். 32 பார் பாட்டென்றால் 128 அடி. எண்ணிக்கொண்டிருந்தால் எங்காவது தவறும், பாடினால் தவறாது. இடது கைக்கு டெட் ரீட் 1958இல் வெளியிட்ட பயிற்சிநூலின் வரிகளை எடுத்து, ரைடும் ஹைஹேட்டும் மாறாமல் ஓட, அந்த வரியை ஸ்னேரில் வாசிப்பது முதல் படி. குறுநோட்டு ஸ்னேரில், நீள்நோட்டு பேஸ் டிரம்மில் என்று பிரிப்பது அடுத்த படி. ஒரே பக்கத்திலிருந்து ஒரு வருடப் பாடம் எடுக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது: ஸ்னேர் தட்டு ரைடோடு சேர்ந்து விழுகிற இடங்களில் இரண்டும் ஒரே ஒலியாகக் கேட்க வேண்டும். 'ட்ரக்' என்று பிரிந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

சில்க்போர்டு_இறக்கம்:

வகுப்பு கைகொடுக்கும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெங்களூர் அழைப்பை முன்கூட்டியே வருவதாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பேஸ், ஒரு பியானோ அல்லது கிட்டார் சேர்த்து நிரந்தர மூவர் குழு வையுங்கள். கடைசி நேர அழைப்பை நம்ப வேண்டாம். ஆறு வகைப் பாட்டு கையில் இருக்க வேண்டும்: 12 பார் புளூஸ், ரிதம் சேஞ்சஸ் ('ஐ காட் ரிதம்' பாட்டின் 32 பார் அமைப்பு), பிரஷில் மெதுவான பாட்டு, 3/4 வால்ட்ஸ், போசா நோவா (பிரேசில் நடை), ஒரு 5/4 (பாருக்கு ஐந்து அடி). வகைக்கு ஐந்து என்றால் 30. அவ்வளவு இருந்தால் இரண்டு செட் கச்சேரிக்குப் பயமில்லை.

ஒரு நுணுக்கம். நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்கிற இடத்தில் 32 பார் பாட்டு சிக்கலில்லை, எட்டு முறை மாறி மறுபடி சோலோக்காரரிடமே தொடங்கும். 12 பார் புளூஸில் மூன்றே முறைதான் வரும். முதல் சுற்று சோலோக்காரர், டிரம், சோலோக்காரர். அடுத்த சுற்று டிரம்மில் தொடங்கும். இது தெரியாமல் புதிய டிரம்மர் அடுத்த சுற்றின் தலையில் ரைடைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், எதிரில் இருப்பவரும் காத்திருப்பார்.

காவேரிப்பட்டணம்_பம்பை:

அந்த நாலு பாரில் நம் சொத்தைக் காட்ட இடமிருக்கிறது. முதல் இரண்டு பார் சோலோக்காரர் விட்ட வாக்கியத்துக்குப் பதில். கடைசி இரண்டு பாரில் அரைக்கால் நோட்டுக் கணக்கு, அதாவது அடிக்கு இரண்டு என்றால், 16 மாத்திரை. ததிகிணதொம் என்ற ஐந்தை மூன்று முறை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி: 5, 1, 5, 1, 5. மொத்தம் 17. கடைசித் 'தொம்' அடுத்த பாரின் சமத்தில் போய் உட்காரும், சோலோக்காரர் அதே இடத்தில் எடுத்துக்கொள்வார். மூன்றும் அடியின் மேலேயே தொடங்குவதால் சுவிங் நடை கெடாது. 'தொம்'மை பேஸ் டிரம்மில் வையுங்கள், மீதி நாலும் ஸ்னேர், டாம். கிராஷ் வேண்டாம்.

நம் லயக் கணக்கும் ஜாஸும் சேர்ந்த வேலை புதிதல்ல. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்த இசைத்தட்டு 1983இல் வந்தது. திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே மிருதங்கம் கற்பித்து, ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தார். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் போட்டுக் காட்டுங்கள்.

பர்கூர்_லயம்:

ரொம்ப நன்றிங்க ஐயா, உடனே வாயில் சொல்லிப் பார்த்துவிட்டேன், சரியாக வந்து விழுகிறது. இனி வகுப்பு பற்றி. அறை, அக்கம்பக்கத்துச் சத்தம், கட்டணம்?

பாலக்கோடு_பிரஷ்:

அறை முதலில். முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். அது உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. தடுப்பது கனமும் அடைப்பும்தான். செங்கல் சுவர் அறையில் ஒழுகல் கதவும் சன்னலும். கதவில் 18 மி.மீ. பிளைவுட் கூடுதலாக அடித்து, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, கீழ் இடுக்குக்கு ஒரு தடுப்பு. சன்னலை உள்ளிருந்து பிளைவுட் பலகையால் மூடலாம், ஆனால் காற்றுக்கு வழி யோசித்துவிட்டு.

மாடி அறையென்றால் பேஸ் டிரம் தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும், சுவருக்கு என்ன செய்தும் பயனில்லை. இரண்டு 18 மி.மீ. பிளைவுட் பலகைக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளை வட்டத் துளைகளில் உட்காரவைத்து ஒரு மேடை செய்து, செட்டை அதன் மேல் வையுங்கள். கீழ்த்தளமே கிடைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். இரவென்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை. விதியைக் காட்டி அக்கம்பக்கத்தோடு வாதாடுகிற நிலைக்குப் போகாமல், மாலை 5இலிருந்து 8 வரை மட்டும் நிஜச் செட், மற்ற நேரம் பயிற்சிப் பலகை, வலைத் தோல், துளையிட்ட சிம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு மாதங்களில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், தெருவில் பிள்ளைகள் படிப்பார்கள். துளையிட்ட சிம்பலில் ரைடின் தொடுகை வராது, அதனால் வாரம் ஒரு வகுப்பாவது நிஜ ரைடில் இருக்கட்டும்.

காதை மறக்காதீர்கள். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகிறது. 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம்செட் 100ஐச் சுலபமாகத் தாண்டும். மாணவன் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவான், ஆசிரியர் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் அடைப்பான் கட்டாயம். இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வகை எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைக்கும், நுரை வகையில் சிம்பல் மங்கிவிடும். அது இல்லாதபோது நுரையாவது போடுங்கள்.

ஓசூர்_ரைடு:

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். ஒரு மாணவனுக்கு வாரம் 40 நிமிடம், மாதம் நாலு வகுப்பு, 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 மாணவர் என்றால் 24,000. அதில் அறை வாடகை 5,000, தோல், குச்சி, பழுதுக்கு 1,500, மின்சாரமும் இணையமும் 1,000 போனால் 16,500 நிற்கும். வகுப்பு நேரம் வாரத்துக்கு 11 மணிக்குள்தான் வருகிறது. மீதி நேரம் உங்கள் பயிற்சிக்கும் கச்சேரிக்கும். ஆனால் வருடத்துக்கு 12 மாதமும் 16 பேர் இருக்கமாட்டார்கள். தேர்வு மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் குறையும். பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓடுமா என்று பாருங்கள். 12 வகுப்புக்கு ஒரு தவணை என்று முன்பணமாக வாங்குங்கள். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் வராத வகுப்பு கணக்கில் சேரும் என்று முதல் நாளே பெற்றோரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னிசைக் குழுவையும் இப்போதைக்கு விட வேண்டாம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் திருவிழா மேடைகள் உண்டு. டிசம்பரில் சர்ச் நிகழ்ச்சிகள். வகுப்பு குறைகிற மாதங்களை இவை ஓரளவு ஈடுகட்டும்.

ஜாஸ் என்று பெயர் போட்டால் பெற்றோர் வரமாட்டார்கள் என்ற பயம் சிலருக்கு. டிரம் வகுப்பு என்றே போடுங்கள். முதல் மூன்று மாதம் பிடிப்பு, ஒற்றை, இரட்டை, பாராடிடில் (ஒற்றையும் இரட்டையும் கலந்த அடி), நோட்டு வாசிப்பு எல்லாருக்கும் பொது. ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோனின் 1935 நூலின் முதல் பக்கங்கள் இதற்கு இன்றும் போதும். அதன் பிறகு ரைடு. குழந்தைகளுக்கு 7ஏ குச்சி கொடுங்கள், 5ஏவைவிட மெலிசு, பிடி இறுகாது. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வகுப்பிலும் 5 நிமிடம் கேட்பதற்கு. டிரம்மைக் கேட்காமல் பேஸை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள்.

இணைய வகுப்பில் ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம்: இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி போய் வருகிற தாமதம் சுமார் 30 மில்லிசெகண்டைத் தாண்டினாலே லயம் இழுபடும், சாதாரண அழைப்பில் அதைவிடக் கூடுதல். மாணவன் தன் பக்கத்தில் பாட்டை ஓடவிட்டு வாசிக்க, நீங்கள் கேட்டுத் திருத்துங்கள்.

பர்கூர்_லயம்:

சான்றிதழ் இல்லாமல் பள்ளிகளில் சேர்த்துக்கொள்வார்களா?

சில்க்போர்டு_இறக்கம்:

தனியார் பள்ளிகளுக்கு டிரினிட்டி அல்லது ராக்ஸ்கூல் (பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்புகள்) கிரேடு உதவும், இரண்டிலும் 8 வரை உண்டு. பெற்றோருக்கும் அது புரிகிற அளவுகோல். டிரினிட்டியில் காணொளி அனுப்பியும் தேர்வு எழுதலாம். காணொளியில் கை, கால், முகம் மூன்றும் தெரிகிற கோணம் வேண்டும், நடுவில் வெட்டி ஒட்டினால் ஏற்கமாட்டார்கள். ஆனால் கிரேடு 8 முடித்தவர் எல்லாரும் ஜாஸ் குழுவில் தாங்குவார் என்று அர்த்தமில்லை. தேர்வில் எழுதிவைத்த பாடம்தான் பெரும்பகுதி. குழுவில் எதிரில் இருப்பவர் என்ன வாசிக்கப்போகிறார் என்று யாரும் எழுதித் தருவதில்லை. மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பும் வருடத்திலும் மாதம் ஒரு முறை கிட்டார், கீபோர்டு மாணவர்களோடு சேர்த்து உட்காரவையுங்கள்.

வருமானத்துக்கு ரசீது கொடுங்கள், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சிப் பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கலின்போது திரும்பப் பெறலாம்.

பர்கூர்_லயம்:

பெங்களூர் போகும்போது பேருந்தில் முழு செட் கொண்டுபோக முடியாதே, அங்கே இருக்கிற செட்டில் வாசிப்பதென்றால் எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

ஆணி_சாவி:

சிம்பல் பை, ஸ்னேர், பேஸ் டிரம் பெடல். மூன்றும் ஒரு ஆள் தூக்கலாம். 22 இஞ்ச் ரைடு பை கால் பக்கம் நிற்கும், மேல் ரேக்கில் படுக்கப் போட்டு மேலே சூட்கேஸ் வைக்கவிடாதீர்கள். சின்னப் பையில் டிரம் சாவி இரண்டு, ஹைஹேட் கிளட்ச் (மேல் சிம்பலைக் கம்பியில் பிடிக்கும் பூட்டு), சிம்பல் குழல், கம்பளி வில்லை, விங்நட் இரண்டு, ஸ்னேர் கம்பி கட்டும் நாடா, ஒட்டும் பட்டை, குச்சி நாலு ஜோடி, பிரஷ். அங்கே இருக்கிற ஸ்டாண்டுகளில் கிளட்ச்தான் முதலில் காணாமல் போயிருக்கும் அல்லது மரை தேய்ந்து நழுவும். ஹைஹேட் மூடாவிட்டால் 2, 4 போய்விட்டது, அதனால் கிளட்ச்சை மட்டும் மறக்கவே வேண்டாம். போனதும் பேஸ் டிரம்முக்குள் தலையணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒலி அமைப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், போகும்போது திரும்ப வைத்துவிடுங்கள்.